பெயரும் உயிரும்: சேலம், நாமக்கல் சமவெளியில் கோடைச் சிற்றுயிர்களை அடையாளங் காணல்

பழந்தமிழ் நூல்களைப் பயில்வோர் அகராதியை நோக்குங்கால் அடிக்கடி எதிர்ப்படும் விளக்கம் ஒன்று உண்டு. 'ஒருவகைப் பூச்சி', 'ஒருவகை வண்டு', 'ஒருவகைப் புள்' என்பதே அது. இது பிழையன்று, ஆயின் பொருள் விளக்கமும் அன்று. ஒரு சொல் எவ்வுயிரைக் குறித்தது, அவ்வுயிர் எப்பருவத்தில் எந்நிலத்தில் எவ்வாறு வாழ்கின்றது என்பன தெரியாதவழிப் பாட்டின் கருப்பொருள் நமக்கு நிழலாகவே நின்றுவிடுகின்றது. அகத்திணை மரபு கருப்பொருளை வெறும் அணியாகக் கொண்டதன்று. உரிப்பொருளைத் தாங்கும் அடித்தளமாகக் கொண்டது. ஆகவே, ஒரு சிற்றுயிரைத் தவறாக அடையாளங் கண்டால், சில இடங்களில் பாட்டின் பொழுதே மாறிவிடும்; சில இடங்களில் பாட்டின் வாதமே சரிந்துவிடும்.

இத்துறையில் முன்னோடியாக உழைத்தவர் பி. எல். சாமி அவர்கள். செடிகொடி, புள், விலங்கு ஆகியன பற்றிச் சங்க நூல்கள் கூறுவனவற்றை உயிரியல் அறிவோடு ஒப்பிட்டு அவர் எழுதிய நூல்கள், இலக்கிய ஆராய்ச்சிக்குக் களநோக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டின. அந்நெறியில் நின்று, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் கோடையிற் காணத்தகும் சில சிற்றுயிர்களையும் அவற்றின் பெயர்களையும் யாம் ஈண்டு ஆராய்கின்றோம். பெயரை அறிதல் வேறு, உயிரை அறிதல் வேறு. இரண்டும் கூடியபோதே சொற்பொருள் நிறைவுறும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

1. நிலமும் பருவமும்

சேலம் நகரை வடக்கே சேர்வராயன் மலையும், தெற்கே சருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ்ந்துள்ளன. சேர்வராயனிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடந்து நாமக்கற் பகுதி வழியாகக் காவிரியை அடைகின்றது. 1997இல் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், கிழக்கே கொல்லிமலையையும் மேற்கிலும் தெற்கிலும் காவிரியையும் எல்லையாகக் கொண்டது. இம்மலைகட்கு இடைப்பட்ட செம்மண்ணும் சரளையும் கலந்த மானாவாரி நிலத்தை இப்பகுதி மக்கள் மேட்டுக்காடு என்பர். வேல், வேம்பு, பனை, புளி ஆகியன அங்கு மிகுதி. காவிரிக் கரையிலும் வாய்க்காற் பாசனத்திலும் வாழை, வெற்றிலை, கரும்புத் தோட்டங்கள் உள. எனவே, ஒரு நாளின் நடைத்தொலைவிற்குள் முல்லையும் மருதமும் குறிஞ்சிச் சாரலும், கோடையிற் பாலையும் காண்பதற்கு வாய்ப்பான நிலம் இது.

கோடை என்பதும் ஒரே தன்மைத்தன்று. பங்குனியில் மேட்டுக்காடு காய்ந்து கிடக்கும். சித்திரையில் வெப்பம் முதிரும். சித்திரைக் கடையிலும் வைகாசியிலும் இடியோடு கூடிய கோடைமழை இடையிடையே பெய்யும். மழைக்கு முன்னர்க் காணப்படும் உயிர்கள் வேறு. முதல்மழைக்குப் பின் ஓரிரு நாள்களில் வெளிப்படுவன வேறு. நாள், பொழுது, மழை ஆகிய மூன்றையும் குறியாத குறிப்பு, பிற்கால ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படாது.

2. நோக்கும் நெறி

பேச்சுவழக்கில் 'பூச்சி' என்னும் சொல் மிகப் பரந்த பொருளுடையது. ஆறு கால்களையுடைய உயிரேயன்றி, எட்டுக் கால்களையுடைய சிலந்தியும், பல கால்களையுடைய மரவட்டையும் பூச்சி எனப்படும். மரவட்டையைச் சிறுவர் இரயில்பூச்சி என்றழைத்தலும் காண்க. உயிரியலார் ஆறு கால்களை உடையவற்றையே பூச்சியினம் என்பர். ஆதலின் களத்திற் செல்வோர் முதலில் எண்ண வேண்டுவது கால்களையே. அடுத்து இறகுகள் எத்தனை, அமர்ந்திருக்கும்போது அவை விரிந்துள்ளனவா மடிந்துள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். பின்னர் உண்பது யாது, இருப்பது எங்கு, இயங்கும் பொழுது எது, ஒலி உண்டாயின் அஃது எவ்வுறுப்பிலிருந்து எழுகின்றது என்பனவற்றை வினாவுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பெயரைக் கேட்டல் முறையாகும்.

பெயர்களைத் தொகுக்குங்கால் இருவகை மயக்கங்கள் தோன்றும். ஓருயிர்க்குப் பல பெயர்கள் வழங்குதல் ஒன்று. பிற பகுதிகளில் ஓணான் எனப்படுவது கொங்குப் பேச்சில் ஒடக்கான் ஆகும். ஓரிடத்துக் கும்பிடுபூச்சி மற்றோரிடத்துப் பெருமாள்பூச்சி ஆகும். இவ்வகை மயக்கம் எளிதில் தீரும். பல உயிர்கட்கு ஒரு பெயர் வழங்குதல் மற்றொன்று. கோடையில் இனம் பெருக்கும் காலத்து ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கும். அந்நிற மாற்றத்தைக் கண்டு அதனைப் பச்சோந்தி என்பாரும் உளர். உண்மைப் பச்சோந்தியோ, தனித்தனியே சுழலும் கண்களும் கிளையைப் பற்றிச் சுருளும் வாலும் நீண்டு பாயும் நாவும் உடைய வேறோர் உயிர். இவ்விரண்டாம் வகை மயக்கமே நூற்பொருளைக் கெடுப்பது. கீழே ஆராயப்படுவன யாவும் இவ்வகையைச் சார்ந்தனவே.

3. சிள்வீடு

அகநானூற்றுப் பாலைப் பாட்டுக்களில் சிள்வீடு என்னும் உயிர் வருகின்றது. அஃது ஒலியாற் பெயர் பெற்றது என்பது வெளிப்படை. ஆயின் அது வீட்டுச் சுவரிலும் தரைப் பிளவிலும் ஒலிக்கும் சுவர்க்கோழியா, மரத்தில் இருந்து ஒலிக்கும் சிள்வண்டா என்னும் ஐயம் எழுகின்றது. இரண்டும் இடையறாது ஒலிப்பன. இரண்டும் கண்ணிற் படாது செவியிற் படுவன. ஆதலின் நூலை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தல் எளிதன்று.

களத்தில் இவ்வையம் நில்லாது. சுவர்க்கோழியின் ஆண், முன்னிறகுகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஒலி எழுப்புவது. பெரும்பாலும் அந்திக்குப் பின்னரும் இரவிலும் ஒலிப்பது. சிள்வண்டின் ஆணோ, வயிற்றின் அடிப்பகுதியில் இருபுறமும் பறைபோல் அமைந்த சவ்வுகளைத் தசைகளால் அதிர்வித்து ஒலிப்பது; பகல் வெப்பத்தில் மரக்கிளைகளில் இருந்து ஒலிப்பது. சேர்வராயன், கொல்லிமலை அடிவாரத் தோப்புக்களிற் கோடைப் பகலில் நிற்போர் இவ்வேறுபாட்டைத் தம் செவியாலேயே உணர்வர். ஒலிப்பவனைக் காண இயலாவிடினும் சான்று கிடைக்கும். சிள்வண்டின் இளம்பருவம் மண்ணுக்குள் வேர்ச்சாற்றை உறிஞ்சி வாழும். முதிர்ந்தபின் அது மரத்தின் மேலேறித் தோலை உரித்துவிட்டுப் பறக்கும். முதுகு பிளந்த அத்தோற்கூடு அடிமரத்தைப் பற்றியவாறே நிற்கும்.

இனிப் பாட்டை நோக்குவோம். சிள்வீடு வேலமரத்தைச் சார்ந்து ஒலிப்பதாகவும், அப்பொழுது உச்சிவெயில் காய்வதாகவும் அகநானூற்றுப் பாலைப் பாட்டு ஒன்று காட்டுகின்றது. மரமும் நண்பகலும் சேர்ந்தே வருதலின் அது சுவர்க்கோழி ஆதல் இயலாது, சிள்வண்டே ஆகும். சுவர்க்கோழி எனக் கொள்ளின், பாலைக்குரிய நண்பகல் நம் மனத்தில் இரவாக மாறிவிடும். ஆண்டு முதற்பொருளே பிறழ்ந்துவிடும் என்பது தெளிவு.

4. தும்பியும் வண்டும்

இன்று 'தும்பி' என்றவுடன் பலர் நினைப்பது, நீர்நிலைகளின் மேல் இறகுகளை விரித்துப் பறக்கும் தட்டானை. அறிவியற் கட்டுரைகளிலும் இப்பொருளே பெருகி வருகின்றது. நாட்டுப்புறத்தார் பருத்த உடலுடையதைத் தட்டான் என்றும், ஊசிபோல் மெலிந்து, அமருங்கால் இறகுகளை முதுகின்மேற் சேர்த்து வைத்துக்கொள்வதை ஊசித்தட்டான் என்றும் பிரித்து வழங்குவர். இப்பகுப்பு உயிரியலார் பகுப்போடு பெரும்பாலும் ஒத்திருத்தல் வியக்கத்தக்கது.

இத்தட்டான் பூவிற்குத் தேனுண்ணச் செல்வதன்று. பறந்தவாறே கொசு, ஈ முதலியவற்றைப் பற்றித் தின்னும் வேட்டையுயிர் அது. அதன் இளம்பருவமும் நீருக்குள் வேட்டையாடியே வாழும். ஏரிக்கரையில் அரைநாழிகை அமர்ந்து நோக்குவோர் இதனைத் தாமே காண்பர்.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு இறையனார் பாடியதாகப் போற்றப்படுவது. திருவிளையாடற் கதையில் நக்கீரரோடு நிகழ்ந்த வழக்கிற்குக் காரணமானது. தலைவன் தும்பியை விளித்து, தலைவியின் கூந்தலினும் நறுமணமுடைய பூவை அது கண்டதுண்டோ என வினவுகின்றான். பாட்டின் வன்மை முழுவதும் தும்பியின் தகுதியிலே தங்கியுள்ளது. மலர்தோறும் சென்று தேனும் தாதும் தேரும் உயிரே மணத்தைப் பற்றிச் சான்று கூற வல்லது. தும்பியைத் தட்டான் எனக் கொண்டால், பூவின் மணத்தோடு தொடர்பே இல்லாத ஓர் உயிரைத் தலைவன் நடுவராக அழைத்தான் என்றாகிவிடும். ஆதலின் ஆண்டுத் தும்பி தேனீயினத்தைச் சார்ந்த ஓர் உயிராதல் வேண்டும். கோடையிற் பூக்கும் வேம்பு, புங்கு ஆகியவற்றின் அருகே நின்றால் இத்தகைய உயிர்கள் பலவற்றைக் காணலாம். சிறுகிளையிற் கூடு கட்டும் கொம்புத்தேனீ, மரப்பொந்திற் பல அடைகளை அடுக்கி வைக்கும் அடுக்குத்தேனீ, பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீ, கொடுக்கற்ற கொசுத்தேனீ, உலர்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்து வாழும் பெரிய கருநிறத் தேனீ ஆகியன அவை.

'வண்டு' என்னும் சொல்லும் இவ்வாறே இடம் பெயர்ந்தது. பழைய வழக்கில் வண்டு, சுரும்பு, ஞிமிறு என்பன பூவை நாடி ஒலிக்கும் உயிர்கள். இன்றைய பாடநூல்களில் வண்டு என்பது முன்னிறகு ஓடாகக் கடினமாகிய இனத்திற்கே உரியதாயிற்று. சிறுவர் தீப்பெட்டியில் இட்டு வளர்க்கும் பொன்வண்டும், தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டும் அவ்வினத்தன. ஆதலின் இக்காலப் பொருளைப் பழம்பாட்டின்மேல் ஏற்றுதல் பிழையாகும்.

ஓர் எச்சரிக்கையும் ஈண்டு வேண்டும். தொல்காப்பிய மரபியல், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிராக வகுத்துள்ளது. மெய், நா, மூக்கு, கண் ஆகிய நான்கும் உடையது. செவியுணர்வு இல்லது என்பது கருத்து. பெரிய கண்களையுடைய தட்டானுக்கும் இது பொருந்தும், தேனீக்கும் பொருந்தும். ஆகலின் அந்நூற்பாவை மட்டும் கொண்டு எவ்வுயிர் எனத் துணிதல் கூடாது. ஒரு நூலில் உறுதிப்பட்ட பொருள் எல்லா நூலுக்கும் உரியதாகாது.

5. சிதல், ஈயல், மூதாய்

அம்மரபியலே சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர் என்னும். சிதலாவது கறையான். கண்ணில்லாதது என்பது இவ்வகுப்பின் கருத்து. புற்றை உடைத்து நோக்கின், வேலை செய்யும் கறையானும் காவற் கறையானும் பெரும்பாலும் பார்வையற்றனவாகவே இருக்கக் காணலாம். பண்டையோர் இவ்வகுப்பை வெறும் கருத்தளவையாற் செய்திலர், கண்டு செய்தனர் என்பதற்கு இது நற்சான்று. எறும்பிற்கு இது முழுதும் பொருந்தாது; கட்டெறும்பு போன்றவற்றிற்குக் கண்கள் உள.

கோடையின் முதல்மழை பெய்த மாலையில் இப்புற்றுக்களினின்றே ஈயல் எழும். பேச்சுவழக்கில் இஃது ஈசல் எனப்படும். விளக்கை நாடி வரும் ஈசலைப் பிடித்து வறுத்து உண்ணும் வழக்கம் இவ்வட்டாரத்தில் உண்டு. ஈயல் வேறோர் உயிரன்று. கறையானின் இனம் பெருக்கும் ஆணும் பெண்ணுமேயாகும். அவற்றிற்குக் கண்ணும் உண்டு, இறகும் உண்டு. ஒரே புற்றில் கண்ணிலாதனவும் கண்ணுடையனவும் ஒருங்கு வாழ்தல் அறியத்தக்கது. மறுநாட் காலையில் உதிர்ந்து கிடக்கும் இறகுகளைக் கண்டு அவை யாவும் மாண்டன எனக் கருதுவர். பல, பறவைக்கும் ஓணானுக்கும் இரையாதல் உண்மையே. எனினும் இறகுதிர்தல் சாவின் குறியன்று. அடியிலுள்ள வரையில் இறகை முறித்துவிட்டு, ஆணும் பெண்ணும் இணையாக மண்ணுட் புகுந்து புதுப்புற்றைத் தொடங்கும்.

அம்மழைக்குப் பின் செம்மண்ணில் வெளிப்படும் மற்றோர் உயிர், பட்டுப்போன்ற செம்மயிர் போர்த்த தம்பலப்பூச்சி. பழந்தமிழில் இது மூதாய் எனப்பட்டது. ஈயன்மூதாய் எனவும் வழங்கிற்று. கால்களை எண்ணின் எட்டு. ஆதலின் இது சிலந்திக்கு உறவுடைய பேரினத்தது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுள் கழித்து, மழைக்குப் பின் சின்னாளே வெளியில் உலவும். 'ஈயல்' என்னும் அடை இதற்கு ஏன் வந்தது? இரண்டும் ஒரே மழையில் எழுதல் ஒரு காரணம் ஆகலாம். இவ்வினத்தைச் சார்ந்த அமெரிக்கப் பாலைநிலத்து உயிர், மழைக்குப் பின் வெளிவந்து ஈயலைப் பிடித்து உண்ணுதலை உயிரியலார் கண்டுள்ளனர். எனவே அவ்வடை உணவுத் தொடர்பையும் சுட்டியதாகலாம். வைகாசி மழைக்கு மறுநாள் மேட்டுக்காட்டில் விழிப்போடு நோக்கும் மாணவர் ஒருவர் இதற்கு விடை காண இயலும். அவ்விடை ஒரு சங்கச் சொல்லின் அமைப்பை விளக்குவதாகும்.

மூதாயை வடமொழியில் இந்திரகோபம் என்பர். மோனியர் வில்லியம்சு தம் வடமொழி அகராதியில் இச்சொல்லுக்குக் கொச்சினீல் பூச்சி எனப் பொருள் எழுதினார். கொச்சினீல் என்பது சப்பாத்திக்கள்ளியின்மேல் ஒட்டி வாழ்ந்து சிவப்புச் சாயம் தரும் பூச்சி. அமெரிக்கக் கண்டத்திற்கு உரியது. 1795இல்தான் அது பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குக் கொண்டுவரப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பூச்சியைப் பண்டைப் புலவர் மழைக்காலத்துத் தரையிற் கண்டு பாடியிருத்தல் யாங்ஙனம்? நிறம் ஒன்றையே கொண்டு உயிரைத் துணிந்ததால் விளைந்த பிழை இது.

6. பெயர் மயக்கத்தின் விளைவு: கள்ளிப்பூச்சி

அடையாளப் பிழை நூலளவில் நிற்பதன்று, வாழ்வையும் தாக்கும். 1795இல் வந்த அப்பூச்சியே தவறாக அடையாளங் காணப்பட்டதாகும். உயர்ந்த சாயந்தரும் இனம் என எண்ணிக் கொணர்ந்தனர். வந்ததோ தாழ்ந்த சாயந்தரும் வேறோர் இனம். சாயத் தொழில் தழைக்கவில்லை. ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியே அப்பூச்சியால் அழிந்தது. இதனைக் கண்டு 1860களில் தென்னிந்தியாவில் கள்ளியை அழிக்க அதனைப் பரப்பினர். ஆயின் நிலங்களை அடைத்துப் பெருகிய மற்றொரு வகைக் கள்ளியை அது தீண்டவில்லை. அதற்கென வேறோர் இனம் 1926இல் இலங்கையிலிருந்து கொணரப்பட்ட பின்னரே அக்கள்ளி குறைந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு வெண்மாவுப் பூச்சிகள் செயலில் முற்றிலும் வேறாயின.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இவ்வரலாறு வேறு வடிவில் மீண்டது. ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் பகுதிகளில் மரவள்ளி பெரும்பயிர். சவ்வரிசித் தொழில் அதனைச் சார்ந்தது. மரவள்ளியைத் தாக்கும் வெண்மாவு படிந்த பூச்சியை உழவர் மாவுப்பூச்சி என்றும் கள்ளிப்பூச்சி என்றும் வழங்குவர். முன்பு கள்ளியில் ஒட்டியிருந்த வெண்பூச்சியின் நினைவு இப்பெயரில் தொடர்கின்றது எனக் கருத இடமுண்டு. ஆயின் இன்று இப்பெயர் ஓரினத்தைக் குறிப்பதன்று. 2008இல் கோயம்புத்தூரில் முதலிற் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் தாக்கிற்று. 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொணரப்பட்ட சிறு குளவிகள் அதனை அடக்கின. பின்னர், 2020இல் கேரளத்துத் திருச்சூரில் முதலிற் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, தமிழகத்து மரவள்ளி நிலங்களிலும் பரவியது. பப்பாளிப் பூச்சியை அடக்கிய குளவி இதற்கு உதவுவதன்று. ஒவ்வொரு குளவியும் தனக்குரிய இனத்தின் உடலிலேயே முட்டையிடும். எனவே பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிவள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனாகைரசு லோபெசி என்னும் குளவியைக் கொணர்ந்தது. 2022 மார்ச்சுத் திங்களில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளிவிடப்பட்டது.

இவ்விரு பூச்சிகளையும் கைவில்லையின் துணையால் ஓரளவு பிரித்தறியலாம். மாவை விலக்கினால் பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள் நிறமாகவும், மரவள்ளி மாவுப்பூச்சியின் உடல் இளஞ்சிவப்பாகவும் தோன்றும். பின்னது தாக்கிய செடியின் நுனியிலைகள் சுருண்டு கொத்தாகத் திரளும். இச்சிறு வேறுபாட்டை அறியாது 'கள்ளிப்பூச்சி' என்னும் ஒரு பெயரோடு அமைந்தால், எக்குளவி வேண்டும் என்பது தெரியாது போகும். பாட்டின் பொருளுக்கும் பயிரின் நலத்திற்கும் வேண்டுவது ஒரே நெறியே.

7. செய்யத்தக்கன

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்த அப்பெரும்பணியில் சிற்றுயிர் ஒவ்வொன்றையும் நிலத்திற் சென்று காண இயலாமை இயல்பே. எஞ்சிய பணி நம் தலைமுறைக்குரியது. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கோடை விடுமுறையில் தம் ஊர்க்குச் செல்லும் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டு செல்வாராக. கேட்ட பெயரைக் கேட்ட ஒலிப்பிலேயே எழுதுக. சொன்னவரின் ஊரையும் தொழிலையும் குறிக்க. நாள், பொழுது, நிலம், மழை ஆகியவற்றை எழுதுக. காலும் இறகும் எண்ணுக, உணவை நோக்குக, இயன்றால் நிழற்படம் எடுக்க. ஐயம் தீராதவழி அருகிலுள்ள விலங்கியல், வேளாண்மைத் துறையினரிடம் காட்டித் தெளிக.

நாம் மறத்தலாகாத ஒன்றும் உண்டு. அடையாளம் துணியப்படாத இடத்தில் துணிந்ததுபோல் எழுதுதல் கூடாது. இரண்டு உயிர்கள் ஒரு சொல்லுக்குப் பொருந்துமாயின் இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றிற்கும் உரிய காரணத்தைக் காட்டுதல் வேண்டும். தும்பியைப் பற்றி யாம் மேலே கூறியதும் இந்நெறி பற்றியே.

மேட்டுக்காட்டில் ஆடுமேய்க்கும் முதியவர் அறிந்த பெயரும், ஓலைச்சுவடி வழி வந்த பெயரும் ஒரு மொழியின் இரு பகுதிகள். அவற்றை இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஆண்டுதோறும் சித்திரையில் நமக்கு வருகின்றது. சிள்வீடு இன்றும் வேலமரத்தில் ஒலிக்கின்றது. மூதாய் இன்றும் முதல்மழைக்குப் பின் வெளிப்படுகின்றது. 'ஒருவகைப் பூச்சி' என்னும் குறிப்பிற்கு ஈடாக உரிய பொருளை எழுதும் கடமை, அவ்வுயிர்களைக் காணக்கூடிய நிலத்தில் வாழும் நம்முடையதே.